கேட்பதும் கேட்பதும்

தமிழில் 'கேள்' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. காதால் கேட்பதும் அதுதான், வாயால் கேட்பதும் அதுதான். கத்தோலிக்க நம்பிக்கையை அறிய விரும்புகிறவர்களுக்காக இன்று இலவசமாகக் கிடைக்கும் ஒலிப்பதிவுகளின் பலத்தையும் பலவீனத்தையும் இந்த ஒரு சொல்லே சொல்லிவிடும். முதல் வேலையை அவை தாராளமாகச் செய்கின்றன. இரண்டாவதை அவற்றால் செய்ய முடியாது.

திருச்சபைக்கு ஒலிபெருக்கி புதிதல்ல. 1931 பிப்ரவரி 12 அன்று, மார்க்கோனி அமைத்துக்கொடுத்த நிலையத்திலிருந்து போப் 11ஆம் பயஸ் லத்தீன் மொழியில் பேசினார். வத்திக்கான் வானொலி பிறந்தது. 1969இல் மணிலாவில் வெரித்தாஸ் வானொலி வந்தது. பிற்காலத்தில் இரண்டிலும் தமிழ் ஒலித்தது. சிற்றலையில் இரைச்சலுக்கு நடுவே முள்ளைத் திருப்பித் திருப்பி அந்தக் குரலைப் பிடித்தவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. வெரித்தாஸ் 2018இல் சிற்றலையை நிறுத்தி இணையத்துக்குப் போய்விட்டது.

இன்றைய வரத்து பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து. மினசோட்டா மாநிலத்தில் துலூத் மறைமாவட்டத்தைச் சேர்ந்த மைக் ஷ்மிட்ஸ் என்ற குரு, 2021 ஜனவரி 1 முதல் பைபிளை ஒரே ஆண்டில் வாசித்து முடிக்கும் தொடரைத் தொடங்கினார். மொத்தம் 365 பகுதிகள். சில நாட்களிலேயே அது அமெரிக்காவில் ஆப்பிளின் பாட்காஸ்ட் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. 2023இல் திருச்சபையின் மறைக்கல்வி நூலையும் அதே பாணியில் வாசித்தார். காசு எதுவும் வேண்டாம். செல்போன் இருந்தால் போதும்.

இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள் மட்டுமல்ல. கத்தோலிக்கப் பெண்ணை மணந்தவர் இருக்கலாம். பத்து வருடம் கான்வென்ட்டில் படித்தும் சிற்றாலயத்துக்குள் என்ன நடந்தது என்று தெரியாமலேயே வெளியே வந்தவர் இருக்கலாம். இவர்களுக்குத் தேவாலய வாசல்படி உயரமானது. உள்ளே போனால் எப்போது எழுவது, எப்போது மண்டியிடுவது என்று தெரியாது. பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். ஒலிப்பதிவு திரும்பிப் பார்ப்பதில்லை. பெயர், ஊர், சாதி எதையும் விசாரிப்பதில்லை. பிடிக்கவில்லையென்றால் பாதியில் நிறுத்தலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நம் நாட்டில் இது சின்ன விஷயமல்ல. இன்னொரு மதத்தைப் பற்றி விசாரித்தாலே மாறப் போகிறாயா என்று வீட்டில் கேட்பார்கள். ஒரிசா 1967இலேயே மதமாற்றம் குறித்துச் சட்டம் போட்டது. உத்தரப் பிரதேசத்தின் 2021 சட்டம், மதம் மாற விரும்புகிறவர் 60 நாட்களுக்கு முன்பே மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. அறிந்துகொள்வதும் மாறுவதும் ஒன்றல்ல. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் சத்தமில்லாமல் யோசிக்க இடம் வேண்டும். காதில் மாட்டிய கருவி அந்த இடத்தைத் தருகிறது.

ஆனால் முழுதாகத் தருவதில்லை. சிற்றலை வானொலியில் யார் கேட்டார்கள் என்பது நிலையத்துக்கே தெரியாது. நேயர் கடிதம் போட்டால்தான் தெரியும். செல்போன் அப்படியல்ல. எதைக் கேட்டீர்கள், எங்கே நிறுத்தினீர்கள் என்று குறித்து வைத்துக்கொள்கிறது. நிதானமான ஓர் உரையைக் கேட்டு முடித்தால், அதைவிடக் காரசாரமான ஐந்தைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்துகிறது. அவற்றில் எது திருச்சபையின் போதனை, எது பேசுகிறவரின் சொந்த ஆவேசம் என்பதைப் புதியவரால் பிரித்தறிய முடியாது. குரல் எல்லாவற்றிலும் ஒரே உறுதியோடுதான் ஒலிக்கிறது.

ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இதே நிலையில் இருந்தார். 384இல் பேச்சுக்கலை ஆசிரியராக மிலான் நகருக்கு வந்த அகஸ்டின், ஆயர் அம்புரோஸின் பிரசங்கங்களைக் கேட்கப் போனார். நம்பிக்கையால் அல்ல, பேச்சுத் திறமையை எடைபோட. நடையை ரசிக்கப் போனவரின் மனதுக்குள், கூடவே பொருளும் புகுந்துவிட்டது. சந்தேகங்களைத் தனியே கேட்கலாம் என்று அம்புரோஸின் அறைக்குப் போனால், அவர் உதடு அசையாமல் புத்தகம் படித்துக்கொண்டிருப்பார். தொந்தரவு செய்ய மனமில்லாமல் திரும்பிவிடுவார் அகஸ்டின். கடைசியில் தன் குழப்பத்தையெல்லாம் கொட்டியது சிம்ப்ளிசியானஸ் என்ற வயதான குருவிடம். அவர் உட்காரவைத்துப் பேசினார், தமக்குத் தெரிந்த இன்னொரு பேராசிரியர் மனம் மாறிய கதையைச் சொன்னார். 387 ஈஸ்டரில் அகஸ்டின் திருமுழுக்குப் பெற்றார். அதைக் கொடுத்தவர் அம்புரோஸ்தான். ஆனால் நடுவில் ஒரு சிம்ப்ளிசியானஸ் தேவைப்பட்டார். இந்தக் கதை முழுவதையும் அகஸ்டினே தம் 'ஒப்புதல்கள்' நூலில் எழுதியிருக்கிறார். லிப்ரிவாக்ஸ் தளத்தில் தொண்டர்கள் அதை ஆங்கிலத்தில் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள், அதுவும் இலவசம்.

தமிழ்க் காதுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடவுள் முன் எல்லோரும் சமம் என்று மினசோட்டா குரல் சொல்லும்போது இனிமையாக இருக்கிறது. கேட்கிறவர் திருச்சிக்காரராக இருந்தால், மேலப்புதூர் கல்லறையைச் சாதிவாரியாகப் பிரித்த சுவர் நினைவுக்கு வரும். அது பல ஆண்டுகள் சர்ச்சையாக இருந்தது. சமம் என்றால் கல்லறையில் எதற்குச் சுவர்? இந்தக் கேள்விக்கு 365 பகுதிகளிலும் பதில் கிடைக்காது. உள்ளூர்ப் பங்குத்தந்தை சொல்ல வேண்டும். சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்ல வேண்டும்.

மறைக்கல்வியைக் குறிக்கும் 'கேட்டகிசம்' என்ற சொல்லின் கிரேக்க வேருக்குக் காதில் ஒலிக்கச் செய்வது என்று பொருள். ஆக, கேட்டுக் கற்பது இந்த மதத்தின் பழைய வழக்கம்தான். ஆனால் அன்றைக்கு ஒலித்தது எதிரே உட்கார்ந்திருந்த ஆளின் குரல். கையைத் தூக்கினால் நிறுத்திப் பதில் சொல்லும் குரல்.

எனவே கேட்கிறவர்கள் தாராளமாகக் கேளுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். எழும் சந்தேகங்களை எழுதி வையுங்கள். பத்துக் கேள்வி சேர்ந்ததும், பதில் சொல்லக்கூடிய ஒரு மனிதரைத் தேடிப் போங்கள். அவர் பதில் சொல்லாமல், "இந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள்" என்று இன்னொன்றைக் கையில் கொடுத்தால், வேறு ஆளைத் தேடுங்கள்.