பதினோரு மணிக்கு என்ன ஊற்றுகிறோம்?

போன வருசம் மாசி மாதம் எங்கள் கொல்லையைப் பார்க்க இருபது பேர் வந்திருந்தார்கள். எல்லாம் இளவட்டம். வேலையை விட்டுவிட்டு விவசாயத்துக்கு வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள். மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி வேர்முடிச்சைக் காட்டினேன். ஜீவாமிர்தம் கலக்கும் பீப்பாயைக் காட்டினேன். இருநூறு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிலோ சாணம், பத்து லிட்டர் கோமியம், ரெண்டு கிலோ வெல்லம், ரெண்டு கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண் என்று வாய் வலிக்கச் சொன்னேன். "வெள்ளைச் சர்க்கரை போடலாமா?" என்று ஒருத்தர் கேட்டார். "கூடவே கூடாது, நாட்டு வெல்லம்தான்" என்றேன்.

வெயில் ஏறிவிட்டது. வந்தவர்களுக்கு ஏதாவது குடிக்கக் கொடுக்கணுமே என்று பையனைப் பெட்டிக்கடைக்கு அனுப்பி வண்ணச் சோடா பாட்டில்கள் வாங்கிவரச் சொன்னேன். ஆளுக்கு ஒன்று. எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு பையன் மட்டும் மூடியைத் திறக்காமல் வரப்பு ஓரமாக வைத்துவிட்டு, மோட்டார் தொட்டிக்குப் போய் ரெண்டு கையாலும் ஏந்தித் தண்ணி குடித்துவிட்டு வந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் பேசியிருந்தால் கூட ஏதாவது பதில் சொல்லிச் சமாளித்திருப்பேன். அந்தப் பாட்டில் சாயங்காலம் வரைக்கும் வரப்பிலேயே கிடந்தது. எடுத்து, பின்னால் அச்சடித்திருந்ததைப் படித்தேன். நூறு மில்லிக்குப் பத்து கிராமுக்கும் மேலே சர்க்கரை. மண்ணில் இருக்கிற நுண்ணுயிருக்கு நாட்டு வெல்லம், வீடு தேடி வந்த மனுசனுக்கு வெள்ளைச் சர்க்கரைத் தண்ணி. பதினாலு வருசமாக இயற்கை விவசாயம் செய்கிறவனின் லட்சணம் இது.

அன்றிலிருந்து இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்ன விளைவிக்கிறோம் என்று கூட்டம் கூட்டமாகப் பேசுகிறோம். பதினோரு மணிக்குக் கொல்லையில் என்ன குடிக்கிறோம் என்று பேசுவதே இல்லை.

எனக்கு நினைவு தெரிந்து எங்கள் வீட்டில் விடிந்ததும் நீராகாரம்தான். ராத்திரி சோற்றில் ஊற்றி வைத்த தண்ணியை ஆயா வடித்து, ரெண்டு கல் உப்பு போட்டு, ஒரு சின்ன வெங்காயத்தைத் தரையில் வைத்துக் கையாலே குத்தி உடைத்துக் கொடுக்கும். அதைக் குடித்துவிட்டு அப்பா ஏர் பூட்டப் போவார். பதினோரு மணிக்குக் கூழ். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் கூழ்ச்சட்டியைத் தலையில் சும்மாடு வைத்துத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. நடக்கிறபோது ஒரு பக்கம் தளும்பி, காதோரம் வழியும். அந்தப் புளிச்ச வாசனை இன்றைக்கும் எனக்கு மூக்கில் இருக்கிறது. தொட்டுக்க மோர் மிளகாய், கொத்தவரை வற்றல், மாங்காய்க் காலத்தில் மாங்காய்ப் பத்தை. மோருக்கு எங்கள் ஊரில் விலை கிடையாது. கடைகிற வீட்டுக்குச் சொம்பு எடுத்துக்கொண்டு போனால் ஊற்றிவிடுவார்கள். மோரை விற்றால் அசிங்கம் என்று நினைத்த காலம்.

இதெல்லாம் எப்போது போனது? ஒரே நாளில் போகவில்லை. பால் சொசைட்டி வந்தது. பால் கேனுக்குப் போனது. பால் கேனுக்குப் போனால் தயிர் ஏது, மோர் ஏது? அது தப்பு என்று சொல்லமாட்டேன், அந்தக் காசில்தான் நான் படித்தேன். அப்புறம் போர் போட்டோம். கம்பு போட்ட கொல்லை கரும்பாச்சு. ரேசன் அரிசி வந்தது. கம்பு குத்துகிற உரல் வாசலில் கவிழ்ந்து கிடந்தது. சைக்கிளில் டீ கேன் வந்தது. குதிரில் இருந்த நாட்டுக்கம்பு விதையை ஒரு வருசம் விதைக்காமல் விட்டோம், அடுத்த வருசம் புழுத்துப் போனது. அவ்வளவுதான். எங்கள் குடும்பம் எத்தனை தலைமுறையாக வைத்திருந்த விதையோ, யாரும் அழக்கூட இல்லை. ஏனென்றால் அதைக் குடிப்பதை நாங்கள் அதற்கு முன்னாடியே விட்டுவிட்டோம்.

நான் சொல்ல வருவது இதுதான். விதையை விதை வங்கியில் மட்டும் காப்பாற்ற முடியாது. தினமும் வாயில் போகிற பண்டத்தின் விதைதான் நிலைக்கும். கூழ் போனால் கம்பு போகும். கம்பு போனால் கம்பந்தட்டை போகும். தட்டை போனால் மாட்டுக்குத் தீவனத்தைக் காசுக்கு வாங்கணும். மாடு போனால் ஜீவாமிர்தத்துக்குச் சாணம் தேடணும். ஒரு சொம்புக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சரி, இனிமேல் கொல்லையில் வேலைக்கு வருகிறவர்களுக்குக் கூழ்தான் என்று பங்குனியில் முடிவெடுத்தேன். பெருமையாக வீட்டில் வந்து சொன்னேன்.

வீட்டுக்காரம்மா கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "நல்ல விசயம்தான். கம்பு குத்தறது யாரு? களி கிண்டறது யாரு? காலையில கரைக்கறது யாரு?"

எனக்குப் பதில் இல்லை. கூழின் ருசி எனக்கு ஞாபகம் இருந்தது. அதற்காக ஆயா சாமத்தில் எழுந்து கம்புக்குத் தண்ணி தெளித்து, உமி போகக் குத்தி, புடைத்து, மறுபடியும் குத்தியது எனக்கு ஞாபகம் இல்லை. எழுந்து பார்த்தால்தானே ஞாபகம் இருக்கும்? நம் பத்திரிகைகளில் பழைய சாப்பாட்டைப் புகழ்ந்து எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் என் மாதிரி ஆம்பளைங்கதான். டீக்கேன் வந்தபோது ஊரில் பெண்கள் ஏன் சந்தோசப்பட்டார்கள் என்று நாம் கேட்டதே இல்லை.

ரெண்டாவது பதில் கொல்லையில் கிடைத்தது. களையெடுக்க வருகிற ஒரு அம்மா, அறுபது வயதுக்கு மேலே இருக்கும், எங்கள் அப்பா காலத்திலிருந்து வருகிறவர்கள். "எம்மா, நாளையிலேர்ந்து டீக்குப் பதிலா கூழு ஊத்தலாம்னு இருக்கேன்" என்றேன். அவர்கள் களைக்கொட்டைக் கீழே வைத்தார்கள்.

"எனக்கு டீயே போதும் தம்பி."

"ஏம்மா, கூழு புடிக்காதா?"

"புடிக்காம இன்னா. உங்கூட்டுக் கூழுன்னா எனக்குக் கொட்டாங்குச்சி ஞாபகம்தான் வரும். டீன்னா எங்காசு, எங்கிளாசு."

அதற்கு மேல் அவர்கள் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. எனக்கே ஞாபகம் வந்துவிட்டது. தலையில் சுமந்துபோன கூழை ஊற்றியது யார்? நான்தான். எட்டு வயசுப் பையன். "சொம்பு படாம உசரத்துலேர்ந்து ஊத்துடா" என்று ஆயா சொல்லி அனுப்பும். அவர்கள் வரப்புக்கு அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்து, கொட்டாங்குச்சியை ஏந்துவார்கள். கொட்டாங்குச்சி இல்லாதவர்கள் கையை ஏந்துவார்கள். இந்த அம்மாவும் அந்த வரிசையில் இருந்தவர்கள்தான். முப்பது வயதுப் பெண் எட்டு வயதுப் பையனிடம் கையேந்தி நின்றிருக்கிறார்கள். காதோரம் கூழ் வழிந்தது எனக்கு இனிமையான நினைவு. அவர்களுக்கு அதே கூழ் வேறு நினைவு.

டீக்கடையும் யோக்கியமில்லை. ரெட்டை டம்ளர் முறை தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களில் இருந்தது என்று நமக்குத் தெரியும். ஆனாலும் காசு கொடுத்துக் கிளாசை வாங்குகிறபோது ஒருத்தர் தலை நிமிர்ந்து நிற்க முடிந்தது. அதை ஒரு சொம்புக் கூழ் கொடுக்கவில்லை என்றால், குறை கூழில் இல்லை, ஊற்றிய கையில் இருக்கிறது. "நம்ம முன்னோர் குடிச்சாங்க" என்று மேடையில் பேசுகிறபோது, யார் சொம்பில் குடித்தார்கள், யார் கொட்டாங்குச்சியில் குடித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பேசணும். அதை விட்டுவிட்டுப் பழசை மட்டும் திருப்பிக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது.

அந்த ரெண்டு பதிலையும் வைத்துக்கொண்டுதான் மறுபடி ஆரம்பித்தேன். கம்பை உமி நீக்க உரலுக்குப் போகவில்லை, டவுனில் இருக்கிற மில்லில் உடைத்து வாங்குகிறேன். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும். கம்பு மாவில் எண்ணெய்ச் சத்து அதிகம், நாள்பட்டால் கசந்துவிடும். சாயங்காலம் மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பதும், மறுநாள் நொய்யை வேகவைத்து மாவை ஊற்றித் துடுப்பால் கிண்டுவதும் என் வேலை, பையன் வேலை. முதல் நாள் அடிப்பிடித்துவிட்டது, வீட்டில் சிரித்தார்கள். இப்போது பழகிவிட்டது. களியை ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் மோர் விட்டுக் கரைத்தால் கூழ். பத்துப் பேருக்கு ஒரு கிலோ கம்பு, கால் கிலோ நொய், ரெண்டு லிட்டர் மோர். அந்த மோருக்காக ஒரு மாட்டுப் பாலை வீட்டுக்கு என்று நிறுத்திக்கொண்டோம். டம்ளர் எல்லாருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர். வேப்பமரத்தடியில் எல்லாரும் சேர்ந்துதான் உட்காருவோம். நான் கடைசியில் எடுத்துக்கொள்வேன். கூழுக்காகக் கூலியில் ஒரு ரூபாய் பிடிப்பதில்லை. டீ வேண்டும் என்கிறவர்களுக்கு டீ உண்டு.

டீ எனக்கு எதிரி இல்லை. தேயிலை பறிப்பதும் நம்மைப் போல உழைக்கிற சனங்கள்தான். ஆனால் டீயும் காப்பியும் நமக்கு இயல்பாகவே வந்தது என்று நினைக்கவேண்டாம். 1930களில் தேயிலை வியாபாரத்துக்காக இந்தியா முழுக்க ஊர் ஊராகப் போய், இலவசமாக ஊற்றிக் கொடுத்துப் பழக்கினார்கள். குடியைப் பழக்க முடியும் என்றால் மறுபடியும் பழக்கலாம். அவர்களுக்குப் பின்னால் பணம் இருந்தது. நமக்குப் பின்னால் கொல்லை இருக்கிறது.

பாட்டில் கதை வேறு. கேரளாவில் பாலக்காட்டுப் பக்கம் பிளாச்சிமடா கிராமத்தில் கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சியபோது அங்கே இருக்கிற பழங்குடிப் பெண்கள் வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். 2004இல் ஆலை நின்றது. 2017இல் சல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நம் வணிகர் சங்கங்களே அயல்நாட்டுக் குளிர்பானங்களை விற்கமாட்டோம் என்று அறிவித்தன. நாமும் கை தட்டினோம். அப்புறம் பாட்டில் பழையபடி கடைக்கு வந்தது. அங்கிருந்து என் வரப்புக்கும் வந்தது. கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாங்கியவன் நான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கூழ் குடித்தால் சர்க்கரை நோய் ஓடிவிடும், அது போய்விடும் இது போய்விடும் என்று வாட்சப்பில் வருவதை நம் இயக்கத்துக்காரர்கள் பரப்பவேண்டாம். கம்பில் இரும்புச்சத்து உண்டு, நார்ச்சத்து உண்டு, புளிக்க வைப்பதால் சத்து உடம்பில் சேர்வதும் கூடும். ஆனால் கூழும் மாவுச்சத்துதான். சர்க்கரை உள்ளவர்கள் அளவு பார்த்துத்தான் குடிக்கணும், மாத்திரையை நிறுத்தக்கூடாது. கூழை மருந்து என்று விற்கவேண்டாம். அது சாப்பாடு, அது போதும்.

2023ஆம் ஆண்டை ஐ.நா. சபை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதற்குப் பிறகு கம்பு பாக்கெட்டில் ஏறி நகரத்துக் கடைகளுக்குப் போனது. நல்லதுதான், நானும் விற்கிறேன். ஆனால் கம்புக் கொல்லையில் களையெடுத்தவர் பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார் என்றால் அது யாருக்கான சிறுதானியம்?

அதனால் உழவர் நண்பர்களிடம் கேட்பது இவ்வளவுதான். நம் மாதக் கூட்டங்களில் பாட்டில் வேண்டாம். மோரோ, பானகமோ, சுக்குமல்லிக் காப்பியோ, பனை இருக்கிற ஊரில் பதநீரோ, அந்தந்த ஊரில் விளைகிறதை ஊற்றுங்கள். குடிப்பதற்கென்றே ஒரு முப்பது சென்ட் ஒதுக்குங்கள். அதைக் கரைக்கிற வேலையை வீட்டுப் பெண்கள் தலையில் மட்டும் கட்டாதீர்கள். முக்கியமாக, ஒரே டம்ளர், ஒரே வரிசை. அது இல்லாமல் செய்வதாக இருந்தால் டீயே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அதுவே மரியாதை.

அந்த அம்மா மூன்று மாதம் டீதான் குடித்தார்கள். நான் கேட்கவும் இல்லை. ஆடி மாதம் ஒரு நாள் தானாகவே டம்ளரை நீட்டினார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பே இல்ல தம்பி, இதையா ஊருக்கெல்லாம் பெருமை பேசற?" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்துபோய் உப்பு எடுத்துவந்தேன். அன்றைக்குப் போட்டதிலிருந்து இன்றுவரை உப்புப் போடுவது அவர்கள்தான். எனக்கு அளவு தெரியவில்லையாம்.

தேடிப் பிடித்து ஒரு படி நாட்டுக்கம்பு விதை வாங்கி, அந்த ஆடியிலேயே முப்பது சென்ட்டில் விதைத்தேன். குருவிக்குப் போனது போக நூற்றி நாற்பது கிலோ வந்தது. விதைக்கு என்று தனியாக எடுத்து, வேப்பிலை போட்டு, குதிரில் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பை கொண்டுவாருங்கள். ஒரு படி தருகிறேன். விளைந்ததும் ரெண்டு படியாக, எனக்கு இல்லை, அடுத்த ரெண்டு பேருக்குக் கொடுங்கள். அன்றைக்குக் கூட்டத்தில் கூழ் உண்டு. உப்புப் போட அந்த அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.