இரண்டாம் டேர்மும் இத்தனை மேடைகளும்

செப்டம்பர் பிறந்தாலே இங்கே ஷார்ஜா, துபாய் பக்கம் இந்தியப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கும். வெயில் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஓணம், ஆசிரியர் தினம், தீபாவளி, விளையாட்டு விழா, டிசம்பர் 2 தேசிய தினம், ஆண்டு விழா என்று வரிசை கட்டி நிற்கும். நடுவில் சிபிஎஸ்இ கிளஸ்டர் விளையாட்டுப் போட்டிகள். போதாக்குறைக்கு நம்மவர்கள் சங்கம் வைத்து நடத்தும் பேச்சுப் போட்டி, மாறுவேடப் போட்டி! "படிக்கிறது எப்போ?" என்று அம்மாவும், "இன்னும் எத்தனை டிரஸ்தான் வாங்கணும்?" என்று அப்பாவும் புலம்பாத வீடு இல்லை.

இதில் நம்மிடையே இரண்டு கட்சிகள். ஆட்டமும் பாட்டமும் போதும், மார்க்கைப் பார் என்பது ஒன்று. சுற்றறிக்கை வந்தால் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு அனுப்புவது இன்னொன்று. நான் இரண்டிலும் இல்லை. மேடையை விட்டு இறங்கிய பிறகு பிள்ளையிடம் என்ன மிச்சம் இருக்கிறது? அதைப் பார்த்துத்தான் பெயர் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இதைச் சொல்ல எங்கள் ஊர்ப்பக்கம் கொஞ்சம் போய்வர வேண்டும். நான் நெய்யாற்றின்கரை தாலுகாக்காரன், பாறசாலைக்குப் பக்கம். கொஞ்ச தூரம் போனால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரையையும் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அதனால் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்த கூட்டம் நாங்கள்.

கேரளத்தில் பள்ளிக்கூடக் கலைவிழா என்றால் அது சாதாரண ஆண்டு விழா இல்லை. 1957ல் எர்ணாகுளத்தில் தொடங்கியது. பள்ளி, உபஜில்லா, ரெவின்யூ ஜில்லா, மாநிலம் என்று நாலு படி. எங்கள் பக்கத்தில் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தனித்தனி உபஜில்லாக்கள். கடைசிப் படியில் ஜெயிக்கும் மாவட்டத்துக்கு 117.5 பவுன் தங்கக் கோப்பை. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த 63ஆவது கலோத்சவத்தில் 249 போட்டிகள். 1008 புள்ளியோடு திருச்சூர் கோப்பையைத் தூக்கியது, பாலக்காடு 1007. ஒரே ஒரு புள்ளி!

இதன் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் படிக்கும் கூலித் தொழிலாளியின் பிள்ளையும் மாநில மேடை வரை போக வழி இருக்கிறது. 1958ல் பாட்டில் முதல் பரிசு வாங்கிய யேசுதாசும், மிருதங்கத்தில் முதல் பரிசு வாங்கிய ஜெயச்சந்திரனும் இந்த மேடையில் ஏறியவர்கள்தான். வயநாடு, அட்டப்பாடி, இடுக்கி பழங்குடி மக்களின் ஆட்டங்களும் 2025ல் போட்டியில் சேர்ந்தன. விளையாட்டிலும் அப்படித்தான். 2024 நவம்பரில் எர்ணாகுளத்தில் நடந்த மாநிலப் பள்ளி விளையாட்டு விழாவில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கும் போட்டிகள் இருந்தன. இங்கே அமீரகத்தில் கேரளப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளும் முதல் முறையாக அங்கே போய் விளையாடினார்கள்.

இனி மறுபக்கம். நான் ஊரில் கிளையில் வேலை பார்த்த காலத்தில், நவம்பர், டிசம்பரில் நகைக்கடன் கவுண்டருக்கு வந்து "மோளுக்கு டான்ஸ் உடுப்பு" என்று காரணம் சொன்ன தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். பரதநாட்டியம், குச்சிப்புடி, மோகினியாட்டம் மூன்றுக்கும் மூன்று உடுப்பு, மூன்று நகை செட், மேக்கப், பக்கவாத்தியம், மாஸ்டர் ஃபீஸ். திருவாதிரைக் களிக்குக் கசவு முண்டு. அது மட்டும் பக்கத்து பாலராமபுரத்துத் தறியிலேயே கிடைக்கும் என்பது ஒரு ஆறுதல் :-) தோற்றுவிட்டால் அப்பீல், அதற்கும் பணம். பரீட்சைக்குக் கிரேஸ் மார்க் வேறு கிடைப்பதால் யாரும் லேசில் விடமாட்டார்கள்.

அரசாங்கமே இதைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தியது. 1986ல் கொண்டுவந்த கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்களை 2006ல் கைவிட்டார்கள். 2018 திருச்சூர் விழாவில் முதலிடம், இரண்டாமிடம் என்பதும் போய், கிரேடு மட்டும் நின்றது. பிள்ளைகளுக்குள் நடக்க வேண்டிய போட்டி பெற்றோரின் பர்சுகளுக்குள் நடக்கிறது என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நமக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

பி.காம். முதலாண்டில் சொல்லித் தருவார்கள்: செலவு இரண்டு வகை. வருவாயினச் செலவு அந்த வருஷத்தோடு தீர்ந்துவிடும். மூலதனச் செலவு பல வருஷம் பலன் தரும். நம் பிள்ளைகளின் டேர்மை இந்த இரண்டு பத்தியில் எழுதிப் பாருங்கள். ஒரு நாள் கூத்துக்கு வாடகைக்கு எடுக்கும் உடுப்பு முதல் வகை. ரெக்கார்ட் பாட்டுக்கு வாயசைத்து ஆடும் நாலு நிமிடமும் அப்படித்தான். வாரத்தில் மூன்று நாள் ஓடிப் பழகிய கால், சுருதி பிடிக்கக் கற்ற காது, தோற்ற பிறகு எதிரணிப் பையனுக்குக் கை கொடுக்கப் பழகிய மனசு, இவை இரண்டாம் வகை. யேசுதாசிடம் மிச்சம் நின்றது குரல், உடுப்பு இல்லை.

இந்தக் கணக்கில் என்னை ரொம்ப உறுத்துவது தமிழ். கலோத்சவத்தில் தமிழுக்கும் இடம் உண்டு. தமிழ்ப் பத்யம் சொல்லல், தமிழ்ப் பிரசங்கம் என்று போட்டிகளே இருக்கின்றன. உடுப்புச் செலவு கிடையாது, நாக்கு போதும். ஆனால் எங்கள் பக்கத்தில் தமிழ்க் கவிதையை மலையாள எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்யும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் பாட்டி பேசுவது தமிழ். பேரனுக்கு எழுத்து தெரியாது. பரிசு வாங்குவான், அடுத்த மாதம் பாட்டு மறந்துவிடும். எல்லை மாறிப் போன ஊர், அவர்களுக்காவது ஒரு காரணம் இருக்கிறது.

இங்கே நாம் என்ன செய்கிறோம்? சங்கப் போட்டிக்குத் திருக்குறளை ஆங்கில எழுத்தில் டைப் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். பிள்ளை கடகடவென்று ஒப்பித்துவிட்டுக் கேடயத்தோடு வருகிறது. கேடயம் ஷோகேசில் நிற்கும். தமிழ் எங்கே நிற்கும்? ஒரு தலைமுறையில் எழுத்து போனால் அடுத்த தலைமுறையில் பேச்சும் போகும். எல்லையோரக் கிராமத்தில் பிறந்தவன் என்பதால் இதை ஊகமாகச் சொல்லவில்லை, கண்ணால் கண்டுதான் சொல்கிறேன்.

ஆகவே இந்த டேர்முக்கு என் யோசனை சுருக்கமாக:

ஒரு பிள்ளைக்கு ஒரு கலை, ஒரு விளையாட்டு போதும். எது என்று பிள்ளையே சொல்லட்டும். போட்டி இல்லாத மாதத்திலும் அதைத் தொடர்ந்து செய்கிறதா என்று பாருங்கள். செய்தால் அதுதான் அதன் வழி. உடுப்புக்கு ஆகும் செலவு பயிற்சிக்கு ஆகும் செலவைத் தாண்டினால், நாசூக்காக விலகிவிடுங்கள். ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் ஒத்திகைக்குத் தயங்காமல் ஆசிரியரிடம் முடியாது என்று சொல்லுங்கள்.

தமிழ்ப் போட்டி என்றால் மட்டும் ஒரு பிடிவாதம் வேண்டும்: தமிழ் எழுத்தில் படித்துத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். பத்துக் குறளுக்குப் பதில் இரண்டு குறள் போதும். பரிசு கிடைக்காமல் போகலாம், போகட்டும். சங்கத்துக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒப்பித்தல் போட்டிக்குப் பக்கத்திலேயே, பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லும் போட்டி ஒன்றும் வையுங்கள். தடுமாறி வாசித்தாலும் கைதட்டுங்கள். அந்தப் பிள்ளை ஊரில் பஸ் போர்டைத் தானே படித்து ஏறும்.