குருவை வென்ற சிஷ்யர்கள்

சடுகுடு என்றால் என்னவென்று டி. கல்லுப்பட்டியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில், அந்த ஊரைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் ஒரு துண்டு வெறும் நிலமும், கிழித்த நாலு கோடுகளும், பதினான்கு இளைஞர்களும் இருந்தால் ஆட்டம் ஆரம்பமாகிவிடும். பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், மூச்சு ஒன்றே மூலதனம்.

இவ்வளவு தூரம் நம்முடையதாகிவிட்ட விளையாட்டில் அந்நியர் நம்மைத் தோற்கடிக்க முடியுமா? முடியும் என்பதை 2018-ஆம் ஆண்டில் ஜகார்த்தா நகரம் காட்டிவிட்டது. 1990-ல் பீஜிங்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் பந்தயங்களில் கபடி சேர்க்கப்பட்டது முதல் 2014 வரை ஏழு முறையும் ஆடவர் தங்கப் பதக்கம் இந்தியாவுக்கே கிடைத்தது. 1994-ல் ஹிரோஷிமாவில் அந்த வெற்றியில் பங்கு கொண்டவர் நம் தென்பாண்டி நாட்டு மணத்தி கணேசன். எட்டாவது முறை முதலில் தென் கொரியா ஒரே புள்ளியில் நம்மை வீழ்த்தியது. பிறகு அரையிறுதியில் ஈரான் 27–18 என்று வென்றது. மறுநாள் பெண்கள் இறுதி ஆட்டத்திலும் ஈரானுக்கே 27–24 என்று ஜயம். அந்த ஈரானியப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தவர் யார் தெரியுமா? நாசிக் நகரத்து ஷைலஜா ஜெயின் என்ற நம் தேசத்துப் பெண்மணி!

2023-ல் ஹாங்ஜோவில் இரண்டு தங்கங்களையும் மீட்டுக்கொண்டோம் என்பது வாஸ்தவம். ஆனால் ஆடவர் ஈரானை வென்றது பெரிய தகராறுக்குப் பிறகு, 33–29 என்ற கணக்கில். பெண்கள் சீன தைப்பேயை வென்றது 26–25 என்று ஒரே புள்ளியில். ஒரு புள்ளியில் தொங்குகிற பெருமையை நம்பித் தூங்குவது விவேகமல்ல.

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1895-ல் இங்கிலாந்தின் வடபகுதியில் ஹடர்ஸ்பீல்டு என்ற ஊரில் பிறந்தது ரக்பி லீக் என்னும் ஆட்டம். முட்டை வடிவான பந்தை ஏந்தி ஒருவர் ஓட, எதிர்க் கட்சியார் அவரைக் கட்டிப் பிடித்து வீழ்த்துவார்கள். நம் சடுகுடுப் பிள்ளைகள் பார்த்தால் பங்காளி என்று கண்டுகொள்வார்கள். ஆஸ்திரேலியர் அதைக் கற்றுக்கொண்டனர். 1970-ல் ஆஷஸ் பந்தயத்தை வென்ற பிரிட்டிஷார் அதற்குப் பின் அதைக் கண்ணாலும் காணவில்லை. 2025-ல் சொந்த மண்ணிலேயே மூன்று ஆட்டங்களிலும் இங்கிலாந்து தோற்றது. பெற்ற வீடு என்ற உரிமைக்காக யாரும் புள்ளி தருவதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? ஹாக்கியை நினைத்துப் பார்த்தால் போதும். 1928 முதல் 1956 வரை ஆறு ஒலிம்பிக் பந்தயங்களில் தொடர்ந்து தங்கம் பெற்றோம். 1976-ல் மான்ட்ரியாலில் புல்தரைக்குப் பதில் செயற்கைத் தரை வந்தது. நாம் ஏழாவது இடத்துக்குப் போனோம். தரை மாறியது, நம் பிள்ளைகள் பழகிய தரை மாறவில்லை.

கபடியிலும் இன்று இதே நிலைமைதான். சர்வதேசப் பந்தயங்கள் மண்ணில் நடப்பதில்லை. 'மேட்' என்னும் விரிப்பின் மேல் நடக்கின்றன. மண்ணில் கால் சறுக்கும். விரிப்பில் ரப்பர் காலணி கவ்விப் பிடிக்கும். ஆகவே வேகம் வேறு, திரும்புகிற விதம் வேறு, விழுகிற விதமும் வேறு. பாடிச் செல்பவருக்கு முப்பது விநாடிதான் கெடு. கரிசல் மண்ணில் பத்து வருஷம் சூரனாக விளங்கிய பிள்ளை, தேர்வுக்குப் போகிற அன்றுதான் முதன்முதலாக விரிப்பை மிதிக்கிறான் என்றால், அவன் தோற்பது திறமைக் குறைவினாலா?

2014-ல் தொடங்கிய புரோ கபடி லீக் விளையாட்டுக்குப் பணமும் புகழும் தந்திருக்கிறது. அதில் ஈரானிய வீரர்கள் ஆடுவதால்தான் நம் வித்தைகளை அறிந்துகொண்டார்கள், அவர்களைத் தடுக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். இந்த அபிப்பிராயம் நமக்குச் சம்மதமில்லை. மல்யுத்தத்தில் ஊறிய நாட்டிலிருந்து வந்த பஸல் அத்ராசலி போன்றவர்களின் பிடியிலிருந்து தப்பப் பழகுகிறவனே நாளை ஈரானை வெல்வான். கதவைச் சாத்திக்கொண்டு பெறுகிற முதலிடம் முதலிடமே அல்ல.

குறை மேலே இல்லை, அடியில் இருக்கிறது. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் பந்தயங்களில் நம் ஆண், பெண் அணிகள் இரண்டும் இறுதி ஆட்டத்தில் ஈரானையே வென்றன. அந்த அணிகளில் சென்னைக் கண்ணகி நகரத்துப் பெண் ஒருத்தியும், வடுவூர்ப் பையன் ஒருவனும் இருந்தார்கள். இருவரும் மாளிகையில் பிறந்தவர்கள் அல்லர். அவரவர் இடத்திலேயே கபடிக் குழுவும், கற்றுக்கொடுக்க மனிதரும் இருந்தார்கள், அதுவே வித்தியாசம்.

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. ஒவ்வோர் ஒன்றியத்திலும் ஒரு பள்ளிக்கூடத்திலாவது ஒரு விரிப்பு; அதற்கு மேல் ஒரு கூரை; சம்பளம் பெறுகிற ஒரு பயிற்சியாளர்; பண்டிகைக்கு ஒரு நாள் என்றில்லாமல் வருஷம் முழுவதும் பந்தயங்கள். ஷைலஜா ஜெயின் போன்றவர்களின் அறிவு வெளிநாட்டுக்குப் போவதில் தவறில்லை. நம் கிராமத்துக்கு வராமலிருப்பதுதான் தவறு.

கிராமத்தைப் பலப்படுத்தாமல் தேசம் பலப்படாது என்று வாழ்நாளெல்லாம் வாதாடிய ஜே. ஸி. குமரப்பா, தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது கல்லுப்பட்டிக் காந்திநிகேதன் ஆசிரமத்தில்தான். அவர் பேசியது பொருளாதாரத்தைப் பற்றி. ஆனாலும் அது சடுகுடுவுக்கும் பொருந்தும்.

ஒரு வார்த்தை பெற்றோருக்கும். மகன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வீடு திரும்பினால், "படிப்பைக் கெடுத்துக்கொள்கிறாயே!" என்று சீறுவதற்கு முன், "இன்றைக்கு எத்தனை பேரைத் தொட்டாய்?" என்று ஒரு தடவை கேளுங்கள். மகளாயிருந்தால் இரண்டு தடவை கேளுங்கள்.