ஆயுதம் இறக்கிய சேனாதிபதி

ஆகஸ்டு 29-ம் தேதி கொடி ஏறிவிட்டால் செப்டம்பர் 8-ம் தேதி வரையில் வேளாங்கண்ணியில் மணலைக் காண்பது அரிது. எங்கு நோக்கினும் மனிதத் தலைகளே தெரியும். சென்ற திருவிழாவுக்கு நாமும் போயிருந்தோம். மாதா கோவிலுக்குச் செல்லும் வழியில் ஜனங்களை வரிசைப்படுத்திக் கயிறு பிடித்து நின்றார் ஒரு முதியவர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவராம். நெருக்கடியில் ஒரு வாலிபன் அவரைப் பிடித்துத் தள்ளினான். கிழவர் சமாளித்துக்கொண்டாரேயன்றிக் கை ஓங்கவில்லை. "தம்பி, பின்னால் குழந்தைகள் நிற்கின்றன, பொறுத்துப் போ" என்றார்.

"துப்பாக்கி பிடித்த கைக்கு இவ்வளவு பொறுமையா?" என்று கேட்டோம்.

"எப்போது சுடக்கூடாது என்பதையும் அங்கேதான் ஐயா கற்றுக்கொண்டேன்" என்றார் அவர்.

இந்தப் பதில் நமக்கு ஜெனரல் திம்மய்யாவை நினைவூட்டியது.

நமது காவேரி உற்பத்தியாகும் குடகு நாட்டில், மடிக்கேரியில், 1906 மார்ச் 31-ம் தேதி பிறந்தவர் அவர். இளம் பிராயத்தில் நீலகிரியிலுள்ள குன்னூரில் சில காலம் படித்தார். பிறகு இங்கிலாந்திலுள்ள ஸாண்ட்ஹர்ஸ்ட் கலாசாலையில் பயின்று 1926-ல் ராணுவ அதிகாரியானார். இரண்டாவது உலக மகா யுத்தத்தில் பர்மாக் களத்தில் ஒரு பிரிகேடை நடத்திப் போரிட்டு, அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியரானார். 1948 நவம்பர் 1-ம் தேதி காஷ்மீரத்தில், பதினோராயிரம் அடிக்கு மேற்பட்ட ஜோஜி லா கணவாயில் அவருடைய டாங்கிப் படை உறுமிக்கொண்டு ஏறியபோது எதிரிகள் திகைத்துப் போயினர். அவ்வளவு உயரத்தில் டாங்கிகள் வரக்கூடும் என்று அவர்கள் கனவிலும் கருதவில்லை.

ஆனால் அவருடைய வீரத்தின் உரைகல் ஜோஜி லா அன்று, கொரியா என்றே நாம் கருதுகிறோம். 1953 ஜூலையில் அங்கே சண்டை நின்றது. தாய்நாடு திரும்ப மறுத்த இருபத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளைக் காவல் புரியும் பொறுப்பு இந்தியத் துருப்புகளிடம் வந்தது. அவர்களின் விருப்பத்தை அறிய அமைந்த நடுநிலை நாடுகளின் கமிஷனுக்குத் திம்மய்யா தலைவர். இந்தியர் தம் மண்ணில் காலடி வைக்கக் கூடாது என்று தென் கொரிய ஜனாதிபதி பிடிவாதம் செய்யவே, நம் சிப்பாய்களைக் கப்பலிலிருந்து ஹெலிகாப்டர்களில் ஏற்றி இறக்க வேண்டியதாயிற்று.

அக்டோபர் முதல் வாரத்தில் முகாமில் கலகம் மூண்டது. காவலர் சுட நேர்ந்தது. கைதிகள் சிலர் மாண்டனர். பிறகு இன்னொரு சோதனை வந்தது. விளக்கம் கேட்க வர மறுத்த கைதிகளைப் பலாத்காரமாக இழுத்து வரவேண்டும் என்று ஒரு தரப்பு வற்புறுத்தியது. ஆள்பலம் இருந்தது, ஆயுதமும் இருந்தது. ஆயினும் நூற்றுக் கணக்கான உயிர்கள் போகும் என்று கண்ட திம்மய்யா மறுத்துவிட்டார். இரு தரப்பாரும் அவரைக் குறை கூறினர். பெரும்பாலான கைதிகளுக்கு விளக்கம் சொல்லவே முடியவில்லை. காரியம் முழு வெற்றி அல்லதான். ஆனால் மேலும் ஒரு படுகொலை நிகழவில்லை. இரு தேசத்துக்கும் போக விரும்பாத 88 பேர் 1954-ல் நம் துருப்புகளுடனேயே கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர்.

1957-ல் அவர் தரைப்படையின் தலைவரானார். 1958-ல் பாகிஸ்தானிலும் பர்மாவிலும் சேனாதிபதிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டே இங்கு ராணுவ மந்திரி கிருஷ்ண மேனனுக்கும் திம்மய்யாவுக்கும் அபிப்பிராய பேதம் முற்றியது. சிப்பாய்கள் உயிராக நேசித்த அந்தத் தளபதி அப்போது செய்தது என்ன? ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதினார்; பிரதம மந்திரி நேரு கேட்டுக்கொண்டதும் அதைத் திரும்பப் பெற்றார். அதற்காக அவரை ஏளனம் செய்தோரும் உண்டு. 1961 மே மாதத்தில் முறைப்படி ஓய்வு பெற்று வீடு சென்றார். நமது ஜனநாயகம் அன்று எவ்வளவு பெரிய ஆபத்துக்கு இடமின்றித் தப்பியது என்பதை அண்டை நாடுகளின் பிற்காலச் சரித்திரத்தைப் படித்தால் அறியலாம்.

ஓய்வும் நீடிக்கவில்லை. சைப்ரஸ் தீவில் கிரேக்கரும் துருக்கியரும் மோதிக்கொண்டிருந்த சமயத்தில், 1964-ல், ஐக்கிய நாட்டு ஸ்தாபனம் தன் அமைதிப் படைக்குத் தலைமை வகிக்க அவரை அழைத்தது. அப்போது அவருக்கு வயது 58. ஜயிப்பதற்கு எதிரியே இல்லாத சேனை அது. இரு பகைவருக்கும் நடுவே நிற்பதே அதன் வேலை. அந்தப் பணியில் இருக்கும்போதே 1965 டிசம்பர் 18-ம் தேதி மாரடைப்பால் காலமானார். மறு ஆண்டு சைப்ரஸ் அரசாங்கம் அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது. தன்னை வென்றவனுக்கல்ல, தன் மக்களைச் சண்டையிடாமல் தடுத்தவனுக்கு ஒரு நாடு செலுத்திய மரியாதை அது.

பள்ளிக்கூடத்தில் நாம் பிள்ளைகளை யுத்தங்களின் தேதிகளை மனப்பாடம் செய்யச் சொல்லுகிறோம். சுடாமல் நின்ற நாட்களுக்குத் தேதி எழுதி வைப்பார் இல்லை. கரையை உடைத்து வரும் வெள்ளத்துக்கும் பலம் உண்டு. ஆனால் பயிரை வளர்ப்பது மதகுக்குக் கட்டுப்பட்ட நீர்தான். காவேரியின் தலைமாட்டில் பிறந்தவர் வாழ்ந்து காட்டிய இந்த உண்மையைக் கடைமடைக்காரர்களாகிய நமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.