எடை போடுபவர் யார்?

சோழவரம் என்றதும் சென்னைவாசிகளின் நினைவில் எழுவது ஏரி. சற்று மூத்த தலைமுறையினர்க்கோ பந்தயக் கார்களின் இரைச்சலே முதலில் காதில் கேட்கும். இரண்டாம் உலகப் போரின்போது விமானங்கள் இறங்குவதற்கென அமைக்கப்பட்ட ஓடுதளம் போர் முடிந்தபின் வீணே கிடக்க, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதனைப் பந்தயத் திடலாக்கிக் கொண்டது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய தளம் உருவாகும்வரை, தென்னகத்தின் வேகப் பிரியர்கள் கூடிய இடம் சோழவரமே. தம் வண்டியே விரைவானது என்று ஒவ்வொருவரும் நம்பித்தான் வந்திருப்பர். ஆனால் நேரம் குறிக்கும் கடிகாரத்தை வண்டிக்காரரின் கையில் யாரும் கொடுப்பதில்லை. பந்தயம் பந்தயமாக இருந்ததற்கு அதுவே காரணம்.

அதே சோழவரம் பகுதியிலிருந்து ஒரு தாய் நமக்கு மடல் எழுதியுள்ளார். அவருடைய மகன் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. வேலை நிரந்தரமில்லை. நிழற்படக் கலையில் ஆர்வமுள்ள பிள்ளை. பங்கில் நடைபெறும் புதுநன்மை விழாக்களையும் திருமணங்களையும் கைப்பேசியில் நன்றாகவே எடுத்து வருகிறான். இப்போது ஒரு பெரிய காமிரா வாங்கித் தனியே தொழில் தொடங்க வேண்டும் என்கிறான். இணையத்தில் ஒருவர் ஒரு குறிப்பிட்ட காமிராவைக் காட்டி, “திருமணத்திற்கு இதைவிடச் சிறந்தது இல்லை” என்று சொன்னாராம். அவர் பேசிய காணொளியின் கீழேயே வாங்குவதற்கான வழியும் கொடுக்கப்பட்டிருந்ததாம். போனஸ் பணம் போதாது. மீதிக்குத் தம் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கலாமா, அந்த மனிதர் சொல்வதை நம்பலாமா என்று அத்தாய் கேட்கிறார்.

காமிராவின் பெயரை அவர் எழுதியிருக்கிறார். நாம் இங்கே அதைக் குறிப்பிடப் போவதில்லை. இப்பத்தியில் எந்தப் பொருளையும் பெயர் சொல்லிப் புகழ்வதோ இகழ்வதோ நம் வழக்கமன்று. நாம் கையில் எடுத்துச் சோதித்துப் பார்க்காத பொருளைப் பற்றித் தீர்ப்பு வழங்க நமக்கு உரிமையும் இல்லை. எனினும், அவருடைய கேள்வியின் உட்பொருள் காமிராவைப் பற்றியதன்று. கடிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதையே அவர் கேட்கிறார். அதற்கு விடை கூற இயலும்.

பொருள்களை விற்பனையாளரின் தயவின்றிச் சோதித்து மக்களுக்குச் சொல்லும் பணி புதிதன்று. அமெரிக்காவில் 1936-ஆம் ஆண்டு தொடங்கிய நுகர்வோர் சங்கம் ஒன்று, தன் ஏட்டில் விளம்பரம் ஏற்பதில்லை என்றும், சோதிக்கும் பொருளைத் தானே கடையில் விலை கொடுத்து வாங்குவது என்றும் முடிவு செய்தது. தயாரிப்பாளர் தாமே அனுப்பும் பொருள் பொறுக்கி எடுத்த பொருளாக இருக்கக் கூடுமன்றோ? இங்கிலாந்தில் 1957-இலும், செர்மனியில் 1964-இலும் இத்தகைய அமைப்புகள் தோன்றின. நம் நாட்டில் பேராசிரியர் மனுபாய் ஷா 1978-இல் அகமதாபாத்தில் நிறுவிய நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையமும், 1983-இல் தில்லியில் தொடங்கப்பட்ட ‘வாய்ஸ்’ அமைப்பும் பொருள்களை ஒப்பிட்டுச் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வந்துள்ளன.

காமிராவுக்கென்றே அத்தகைய முயற்சியை 1998-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஃபில் ஆஸ்கி என்பவர் தொடங்கினார். ‘டிபிரிவ்யூ’ என்பது அதன் பெயர். டிஜிட்டல் காமிரா அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. நாளடைவில் அங்கே கைக்கொள்ளப்பட்ட முறை எளியது. ஆனால் பொறுமை மிகவும் வேண்டும். நூல், எழுத்து, மனித முகம், வண்ணக் கட்டங்கள் முதலியவை அடங்கிய காட்சி ஒன்றை நிலையாக அமைத்து, வருகின்ற காமிரா ஒவ்வொன்றாலும் அதே காட்சியை, அதே வெளிச்சத்தில் எடுப்பார்கள். பிறகு மங்கிய ஒளியில் மீண்டும் எடுப்பார்கள். படிப்பவர் எந்த இரு காமிராக்களின் படங்களையும் அருகருகே வைத்துத் தம் கண்ணாலேயே ஒப்பிடலாம். “எங்களை நம்புங்கள்” என்று சொல்வதைவிட “நீங்களே பாருங்கள்” என்று சொல்வது எத்துணை மேலானது! நமது மதிப்பில், நல்ல சோதகரை அடையாளம் காண இதைவிட எளிய வழி இல்லை.

ஆயினும் அதன் கதையில் ஒரு திருப்பம் உண்டு. 2007-இல் அமேசான் நிறுவனம் அதனை வாங்கியது. காமிரா விற்கும் கடைக்காரரே தராசின் உரிமையாளரும் ஆனார். அதனால் தராசு சாய்ந்துவிட்டது என்று சொல்வது நியாயமாகாது. வாசகர்கள் அதன்பின்னும் அதனை மதித்தே வந்தனர். ஆனால் 2023 மார்ச்சு மாதத்தில், ஆட்குறைப்பின் ஓர் அங்கமாக அது மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாகச் சேர்ந்த சோதனைக் குறிப்புகள் யாவும் அழிந்துவிடுமோ என்று உலகெங்கும் வாசகர்கள் பதறினர். அவ்வாண்டு ஜூன் மாதம் ‘கியர் பட்ரோல்’ என்னும் நிறுவனம் அதனை வாங்கவே, தப்பிப் பிழைத்தது. சோதகர் நேர்மையாளராக இருப்பது மட்டும் போதாது. அவருக்கு வீட்டு வாடகை யார் கொடுக்கிறார்கள் என்பதும் கணக்கில் வரும்.

அந்த வாடகை எங்கிருந்து வருகிறது? சிலர்க்கு வாசகரின் சந்தாவிலிருந்து. பலர்க்கு விளம்பரத்திலிருந்து. வேறு பலர்க்கு, அவர்கள் காட்டும் வழியே சென்று நாம் பொருளை வாங்கினால் கடைக்காரர் தரும் தரகிலிருந்து. சோதனைக்குரிய காமிராவைத் தயாரிப்பாளரிடம் இரவல் பெற்றுத் திருப்பிக் கொடுப்பதும் உண்டு. ஏனெனில் ஆண்டு முழுவதும் வெளிவரும் காமிராக்களையெல்லாம் சொந்தப் பணத்தில் வாங்க எவராலும் முடியாது. தரகு பெறுவது குற்றமன்று. மறைப்பதே குற்றம். நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் 2022 ஜூன் மாதம் வெளியிடப்பட்ட நெறிமுறைகள், பொருளைப் பரிந்துரைப்பவர் விற்பவரோடு தமக்குள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. தவறான விளம்பரத்திற்கும் பரிந்துரைக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் தவறினால் 50 இலட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். ஆகவே, அம்மா, உங்கள் மகன் பார்த்த அந்தக் காணொளியில் இத்தகைய அறிவிப்பு உண்டா என்று முதலில் பாருங்கள். அடுத்து, அவர் அக்காமிராவின் குறை ஒன்றையேனும் சொன்னாரா என்று கேளுங்கள். குறையே இல்லாத காமிராவை இதுவரை எவரும் செய்ததில்லை.

நல்ல சோதகர்கள் வாசகரின் வினாக்களை எதிர்கொள்ளும் விதமும் கவனிக்கத்தக்கது. அவர்களுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வரியில் அடங்கும்: “எதை வாங்கலாம்?” விற்பனையாளர் இதற்கு உடனே விடை சொல்லிவிடுவார். சோதகரோ திருப்பிக் கேட்பார். இப்போது உங்களிடம் இருப்பது என்ன? அதனால் எடுக்க முடியாமற் போன படம் எது? எத்தகைய வெளிச்சத்தில் எடுக்கிறீர்கள்? லென்ஸுக்கும் சேர்த்து எவ்வளவு பணம் உண்டு? பழுதானால் அருகில் யார் சரி செய்வார்? இவ்வினாக்களுக்கு விடை எழுதும்போதே, தமக்குப் புதுக் காமிரா தேவையில்லை என்று கண்டுகொள்பவரும் உண்டு.

நாமும் அவ்வாறே கேட்கிறோம். உங்கள் மகன் எடுக்கப்போவது ஆலயத்தினுள் நிகழும் திருமணங்கள். அங்கே ஒளி மங்கல்; மின்னொளியை அடிக்கடி வீசுவதைப் பங்குத்தந்தையர் பலர் விரும்புவதில்லை. ஆகவே பணத்தின் பெரும்பகுதி, அதிக ஒளியை உள்ளே விடும் லென்ஸுக்கே போக வேண்டும். விளம்பரங்கள் ‘மெகாபிக்சல்’ எண்ணிக்கையைப் பெரிதாக அச்சிடும். 24 மெகாபிக்சலை 48 ஆக்கினால் படம் இருமடங்கு பெரிதாகிவிடாது. நீளத்திலும் அகலத்திலும் ஏறத்தாழ 1.4 மடங்குதான் கூடும். 12-க்கு 18 அங்குலத் திருமண ஆல்பத்தை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் அச்சிட 20 மெகாபிக்சல் போதுமானது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அதைவிட முக்கியமானது, ஒரே நேரத்தில் இரண்டு நினைவு அட்டைகளில் படம் பதியும் வசதி. ஓர் அட்டை கெட்டால் மற்றொன்று காக்கும். மோதிரம் மாற்றும் நிகழ்ச்சியை மறுநாள் மீண்டும் நடத்தச் சொல்ல முடியாதல்லவா?

வெப்பம் மற்றொன்று. 2020-இல் கேனன் நிறுவனம் வெளியிட்ட உயர்வகைக் காமிரா ஒன்று, மிக நுட்பமான 8கே காணொளியைச் சுமார் 20 நிமிடம் தொடர்ந்து பதிவு செய்யும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. அந்தக் கணக்கு 23 பாகை வெப்பத்துக்கு உரியது. சோழவரத்தில் கத்திரி வெயிலில் 23 பாகையை எங்கே தேடுவது? வெளிநாட்டுச் சோதகர் எவ்வளவு நேர்மையாளராயினும், நம் ஊர் வெயிலையும், லென்ஸினுள் பூஞ்சை பூக்கும் நம் ஊர் ஐப்பசி ஈரத்தையும் அவர் தம் மேசையில் வைத்துச் சோதிப்பதில்லை. அவற்றைத் திருவள்ளூரிலும் செங்குன்றத்திலும் பத்தாண்டுகளாகத் திருமணம் எடுத்து வரும் ஒருவரிடம்தான் கேட்க வேண்டும்.

இனி அடகைப் பற்றி. வேண்டாம், அம்மா, இப்போது வேண்டாம். காமிராவுக்கு அப்பால் கணினி, நினைவு அட்டை, மின்கலம், ஆல்ப அச்சுக்கூலி எனச் செலவு நீளும். வரவோ பருவத்தைப் பொறுத்தது. தவக்காலத்தில் நம் ஆலயங்களில் திருமணம் அரிது. ஆடியிலும் மார்கழியிலும் இந்துச் சகோதரர் வீடுகளில் முகூர்த்தம் இல்லை. வட்டிக்கு மட்டும் தவக்காலம் கிடையாது. சென்னையில் நல்ல காமிராக்கள் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. உங்கள் மகன் வேலையை விடாமல், விடுமுறை நாள்களில் அனுபவமுள்ள ஒருவரிடம் உதவியாளனாக ஆறு திருமணங்களுக்குச் செல்லட்டும். பிறகு வாடகைக் காமிராவில் தானே இரண்டு மூன்று எடுக்கட்டும். எது கைக்குப் பொருந்துகிறது, எது மங்கிய ஒளியில் தடுமாறுகிறது என்று அவனே சொல்வான். அப்போது போனஸ் பணத்தில் நல்ல நிலையிலுள்ள பழைய காமிரா ஒன்று வாங்கலாம். இதுவரை எத்தனை முறை ‘ஷட்டர்’ இயங்கியிருக்கிறது என்ற எண்ணிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். புதியது வாங்கினாலோ, ஜி.எஸ்.டி. பட்டியலிலும் உத்தரவாத அட்டையிலும் காமிராவின் அடியிலும் ஒரே வரிசை எண் இருக்கிறதா என்று கடையிலேயே ஒப்பிட வேண்டும். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

நம் இந்த விடை மகனுக்குக் கசக்கக் கூடும். அவனுடைய ஆர்வத்தை நாம் குறைத்து மதிக்கவில்லை என்று அவனிடம் சொல்லுங்கள். கைப்பேசியில் எடுத்த படங்களிலேயே பங்கு மக்கள் அவன் திறமையைக் கண்டிருக்கிறார்கள். அது காமிராவோடு வந்ததன்று.

இதே மாதம் வந்த மற்றொரு சிறு மடலுக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறோம். தாத்தா வைத்திருந்த ‘ஆக்ஃபா கிளிக் 3’ காமிரா பெட்டியில் கிடக்கிறது, இனி பயன்படுமா என்று கேட்கிறார் ஒரு மாணவி. பரோடாவில் செய்யப்பட்டு எத்தனையோ இல்லங்களின் திருமணப் படங்களையும் குழந்தைப் படங்களையும் எடுத்த எளிய காமிரா அது. 120 வகைச் சுருளில் 12 சதுரப் படங்கள் வரும். உதகையின் ‘இந்து’ சுருள் இப்போது இல்லை. ஆயினும் 120 சுருளை வெளிநாட்டு நிறுவனங்கள் இன்றும் செய்து வருகின்றன, விலைதான் அதிகம். முதலில் பின்மூடியைத் திறந்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, பொத்தானை அழுத்திப் பார். உள்ளே ஒளி மின்னி மறைந்தால் ஷட்டர் உயிரோடு இருக்கிறது. லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தபின், நல்ல வெயில் நாளில் ஒரு சுருள் மட்டும் எடுத்துப் பார்க்கலாம்.