கடற்கரைக் குடிலுக்குக் கோடி ரூபாய்... பள்ளியில் பத்துப் பிள்ளைகள்கூட இல்லை! - மொழியைக் காக்க வீட்டைக் கையில் எடுத்த வேல்ஸ் கட்சி

வேல்ஸின் வடமேற்கு மூலையில், கடலுக்குள் நீட்டிய கை மாதிரி கிடக்கிறது லீன் தீபகற்பம். அங்கே அபர்சோக் என்று ஒரு சின்னக் கடற்கரை ஊர். மணலை ஒட்டி வரிசையாக மரக்குடில்கள் நிற்கும். கடலில் குளித்துவிட்டு உடை மாற்றலாம், சாய்வு நாற்காலியைப் போட்டுவைக்கலாம். அவ்வளவுதான் அதன் பயன். அப்படிப்பட்ட குடில் ஒன்று ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோயிருக்கிறது. நம் பணத்தில் ஒரு கோடி ரூபாயைத் தாண்டும்!

அதே ஊரில் ஒரு தொடக்கப்பள்ளியும் இருந்தது. 2021-ம் ஆண்டு டிசம்பரில் அதை மூடிவிட்டார்கள். காரணம், பிள்ளைகள் இல்லை. கடைசியில் முழுநேரம் படித்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. ஊரில் வீடுகள் குறையவில்லை. வீடுகளில் குடும்பங்கள்தான் குறைந்துவிட்டன. பல வீடுகள் கோடையில் மட்டும் திறக்கும் விடுமுறை வீடுகள். அவற்றின் சொந்தக்காரர்கள் வேறு ஊர்களில் வசிக்கிறார்கள், அவர்களின் பிள்ளைகளும் அங்கேயே படிக்கிறார்கள்.

சரி, பள்ளியை மூடியது யார்? லண்டனில் இருக்கும் அரசு என்று நினைத்தால் தவறு. மூடியது அந்தப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பான க்வினெத் கவுன்சில். அங்கே ஆட்சியில் இருந்த கட்சி ப்ளைட் கம்ரி. வெல்ஷ் மொழியைக் காப்பாற்றுவதற்காகவே பிறந்த கட்சி!

ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு மாவட்ட சராசரியைப்போலப் பல மடங்கு ஆகிறது, இவ்வளவு குறைந்த பிள்ளைகளோடு பள்ளியை நடத்த முடியாது என்றது கவுன்சில். பெற்றோரும் மொழி ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். பலனில்லை. பிள்ளைகள் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு பள்ளிக்கு மாற்றப்பட்டார்கள்.

மொழிக்காக உயிரையே கொடுக்கத் தயாராக இருந்த தலைவர்களைப் பெற்ற கட்சி, ஒரு வெல்ஷ் பள்ளியைப் பூட்டும் நிலைக்கு ஏன் வந்தது? பூட்டிய பிறகு என்ன செய்தது? இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மூழ்கிய கிராமம்

ப்ளைட் கம்ரி என்றால் வெல்ஷ் மொழியில் 'வேல்ஸின் கட்சி' என்று பொருள். 1925-ம் ஆண்டு புல்ஹெலி என்ற ஊரில் தொடங்கப்பட்டது. அபர்சோக்கிலிருந்து புல்ஹெலிக்குச் சுமார் 11 கிலோமீட்டர்தான். அதாவது, கட்சி பிறந்த வீட்டு வாசலிலேயேதான் அந்தப் பள்ளி மூடப்பட்டது.

கட்சியைப் பட்டிதொட்டி எங்கும் கொண்டுசேர்த்தது ஒரு சோகம். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று, ட்ரவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்ட 1957-ல் நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. வேல்ஸ் எம்.பி-க்களில் பெரும்பாலோர் எதிர்த்தும் பலன் இல்லை. 1965-ல் அணை திறக்கப்பட்டபோது, காபெல் கெலின் என்ற கிராமம் நீருக்கடியில் போயிருந்தது. பள்ளிக்கூடம், தேவாலயம், தபால் நிலையம், பண்ணை வீடுகள் எல்லாம் போயின. அந்த ஊரில் எல்லோரும் வெல்ஷ் பேசி வாழ்ந்தவர்கள்.

அடுத்த ஆண்டே, 1966 ஜூலையில், கட்சித் தலைவர் க்வின்வோர் எவன்ஸ் கார்மார்தன் இடைத்தேர்தலில் வென்று கட்சியின் முதல் எம்.பி ஆனார். வெல்ஷ் மொழிக்குத் தனி டி.வி சேனல் தருவதாகச் சொன்ன வாக்குறுதியிலிருந்து அரசு பின்வாங்கியபோது, 1980-ல் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார் அவர். அரசு இறங்கிவந்தது. 1982 நவம்பரில் அந்த சேனல் தொடங்கியது.

அணை வந்தால் ஊர் மூழ்குவது கண்ணுக்குத் தெரியும். எதிர்க்க ஒரு எதிரியும் இருப்பார். ஆனால் அபர்சோக்கில் நடந்தது வேறு. யாரும் யாரையும் விரட்டவில்லை. ஒரு பாட்டி இறந்துபோவார். வீட்டை விற்றுப் பிள்ளைகள் பங்கு பிரித்துக்கொள்வார்கள். அதிக விலை கொடுப்பவர் வெளியூர்க்காரராக இருப்பார். இதில் யார்மீதும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால், இப்படிப் பத்து வீடுகள் போனால் ஒரு தெரு இருண்டுவிடும்.

எண்கள் சொல்வது என்ன?

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேல்ஸில் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் சுமார் 5,38,000 பேர். மக்கள்தொகையில் 17.8 சதவிகிதம். பத்து ஆண்டுகளுக்கு முன்பு இது 19 சதவிகிதமாக இருந்தது. 2050-க்குள் பத்து லட்சம் பேரை வெல்ஷ் பேசவைப்போம் என்று வேல்ஸ் அரசு 2017-ல் இலக்கு வைத்திருக்கும் நிலையில் இந்தச் சரிவு.

வெல்ஷ் அதிகம் பேசப்படும் மாவட்டம் க்வினெத். அங்கே 64.4 சதவிகிதம் பேருக்கு மொழி தெரியும். கடையில், பேருந்தில், கால்பந்து மைதானத்தில் வெல்ஷ் இயல்பாகக் காதில் விழும் இடம் அது. இதற்கு அடுத்து ஆங்கில்சி, கெரெடிகியான், கார்மார்தன்ஷயர்.

2022 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் இந்த நான்கு கவுன்சில்களும் ப்ளைட் கம்ரி வசம் வந்தன. வேல்ஸில் மொத்தம் 22 கவுன்சில்கள். அதில் நான்கு என்பது குறைவாகத் தெரியலாம். ஆனால் மொழி மூச்சு விடும் பகுதி இந்த நான்கும்தான். அங்கே கட்சி என்ன செய்கிறது?

அலுவலகமும் பள்ளியும்

க்வினெத் கவுன்சிலின் அலுவல் மொழியே வெல்ஷ்தான். ஊழியர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் கடிதம்கூட வெல்ஷில்தான் இருக்கும். கவுன்சில் கூட்டத்தில் வெல்ஷ் தெரியாதவர்களுக்குக் காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன் வழியே உடனுக்குடன் ஆங்கில மொழிபெயர்ப்பு வரும்.

இதனால் என்ன லாபம்? ஊரில் நல்ல சம்பளம் தரும் பெரிய முதலாளிகளில் ஒன்று கவுன்சில். அங்கே வேலை பார்க்க வெல்ஷ் வேண்டும் என்றால், அந்த மொழி வீட்டுக்குச் சோறு போடும் மொழி ஆகிறது. பிள்ளைக்கு வெல்ஷ் எதற்கு என்று எந்தப் பெற்றோரும் கேட்க மாட்டார்கள்.

வெளியூரிலிருந்து குடிவரும் பிள்ளைகளுக்கு இன்னொரு ஏற்பாடு உண்டு. சில வாரங்கள் தனி மையத்தில் வைத்து, விளையாட்டும் பாட்டுமாக வெல்ஷ் சொல்லிக்கொடுத்து, பிறகு வழக்கமான வகுப்புக்கு அனுப்புகிறார்கள். 1980-களிலிருந்தே நடக்கும் இந்தத் திட்டத்தில் ஒரு நல்ல மனசு தெரிகிறது. 'வராதே' என்று சொல்லாமல், 'வா, வந்து எங்களில் ஒருவராக இரு' என்கிறார்கள்.

இரண்டாவது வீட்டுக்கு இரண்டரை மடங்கு வரி

ஆனால், குடியிருக்க வீடே கிடைக்காவிட்டால் பள்ளி என்ன செய்யும்? க்வினெத்தில் ஏறத்தாழ பத்து வீடுகளில் ஒன்று இரண்டாவது வீடு அல்லது விடுமுறை வாடகை வீடு. உள்ளூர் மக்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினரால் அங்கே சந்தை விலையில் வீடு வாங்க முடியாது என்பது கவுன்சிலே போட்ட கணக்கு.

2020 செப்டம்பரில் நெவின் என்ற சிற்றூரின் கவுன்சிலர்கள், மாவட்டத் தலைமையகம் இருக்கும் கேர்னார்வனுக்குச் சுமார் 20 மைல் நடந்தே போனார்கள். 'எங்கள் பிள்ளைகள் சொந்த ஊரில் வாழ வழி செய்யுங்கள்' என்பதுதான் கோரிக்கை.

வேல்ஸ் சட்டப்படி, இரண்டாவது வீடுகளுக்குக் கவுன்சில்கள் வழக்கமான வீட்டு வரிக்கு மேல் கூடுதல் வரி போடலாம். க்வினெத் 2018-ல் 50 சதவிகிதம் கூடுதலாகப் போட்டது. 2021-ல் 100 சதவிகிதம் ஆக்கியது. 2023 ஏப்ரலிலிருந்து 150 சதவிகிதம். உள்ளூர்க்காரர் தன் வீட்டுக்கு 2,000 பவுண்டு கட்டினால், அதே அளவு வீட்டை விடுமுறைக்காக வைத்திருப்பவர் 5,000 பவுண்டு கட்ட வேண்டும்.

இதில் ஓர் ஓட்டை இருந்தது. வருடத்தில் 70 நாள் வாடகைக்கு விட்டால் போதும், 'இது வீடு இல்லை, தொழில்' என்று பதிவு செய்து வீட்டு வரியிலிருந்தே நழுவிவிடலாம். சிறு தொழில் சலுகையும் சேர்ந்தால், பலருக்குக் கட்ட வேண்டிய தொகையே இருக்காது. 2023 ஏப்ரலில் வேல்ஸ் அரசு அந்த 70 நாளை 182 நாளாக உயர்த்தியது. வேல்ஸில் ஆட்சி நடத்திய லேபர் கட்சியோடு ப்ளைட் கம்ரி 2021 முதல் 2024 வரை வைத்திருந்த ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில், இரண்டாவது வீடுகளைக் கட்டுப்படுத்துவது ஒரு முக்கிய அம்சம்.

கூடுதல் வரியாக வரும் பணம் எங்கே போகிறது? அதன் ஒரு பகுதியைக் கொண்டு உள்ளூர் மக்களுக்கு வீடு தரும் திட்டத்தை க்வினெத் நடத்துகிறது. தொடங்கியபோது அதன் மதிப்பு 7.7 கோடி பவுண்டு. பூட்டிக் கிடக்கும் வீட்டைச் சரிசெய்து குடியேற முதல் முறை வீடு வாங்குபவர்களுக்கு மானியம் தருகிறார்கள். 'டீ க்வினெத்', அதாவது 'க்வினெத் வீடு' என்ற பெயரில் கவுன்சிலே வீடு கட்டி, உள்ளூர் வருமானத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொடுக்கும் திட்டமும் உண்டு.

எதிர்ப்பும் இருக்கிறது

அடுத்த அடி இன்னும் பலமானது. 2024 செப்டம்பர் 1 முதல், க்வினெத்தில் ஒரு குடியிருப்பு வீட்டை விடுமுறை வீடாக மாற்றுவதற்குக் கவுன்சிலின் திட்ட அனுமதி வேண்டும் என்று ஆணை போட்டார்கள். ஏற்கெனவே விடுமுறை வீடாக இருந்தவற்றுக்கு இது பொருந்தவில்லை. வேல்ஸில் இப்படி ஓர் ஆணையைக் கொண்டுவந்த முதல் கவுன்சில் க்வினெத்தான்.

இதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயுள் முழுக்க உழைத்து வாங்கிய ஒரே சொத்து வீடுதான். அதை யாருக்கு விற்கலாம் என்பதில் கட்டுப்பாடு வந்தால் விலை இறங்கும், வங்கிக் கடனும் சிக்கலாகும் என்பது அவர்கள் பயம். சுற்றுலாவை நம்பிக் கடை வைத்திருப்பவர்களுக்கும், ஒரு வீட்டை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடத்துபவர்களுக்கும் இது வயிற்றுப் பிரச்னை. விவகாரம் நீதிமன்றப் படியும் ஏறியது.

அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. வீட்டு விலை இறங்கினால் மட்டும் இளைஞர்கள் ஊரில் தங்கிவிடுவார்களா? வேலை வேண்டாமா?

அதற்கும் ஒரு முயற்சி நடந்தது. 2019-ல் தொடங்கிய 'ஆர்வோர்' திட்டத்தில் நான்கு கவுன்சில்களும் கைகோத்தன. வெல்ஷ் பேசும் பகுதிகளில் வேலை உருவாக்குவதுதான் நோக்கம். இரண்டாம் கட்டத்துக்கு 1.1 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. ஊரிலேயே தொழில் தொடங்க விரும்பும் இளைஞர்களுக்கு உதவி, வெளியே போனவர்கள் திரும்பிவர ஊக்கம் என்று பணம் பிரித்துச் செலவிடப்பட்டது. ஆனால், நான்கு மாவட்டங்களுக்கு இந்தத் தொகை யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

கவுன்சிலால் எவ்வளவு முடியும்?

க்வினெத்திலேயே வெல்ஷ் பேசுவோர் பத்து ஆண்டுகளில் 65.4-லிருந்து 64.4 சதவிகிதமாகக் குறைந்தார்கள். கார்மார்தன்ஷயரில் சரிவு இன்னும் பெரிது. 43.9 சதவிகிதம் 39.9 ஆனது. இத்தனைக்கும் அங்கே விடுமுறை வீடுகள் இவ்வளவு பெரிய பிரச்னை இல்லை. வீடு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதுவே சாட்சி. 2024-ல் வெளியான, வெல்ஷ் பேசும் சமூகங்களுக்கான ஆணையத்தின் அறிக்கையும், மொழி அடர்த்தியாக இருக்கும் பகுதிகளைத் தனியாக அடையாளம் கண்டு அவற்றுக்கென்று தனிக் கொள்கை வகுக்க வேண்டும் என்றது. எல்லா ஊருக்கும் ஒரே மருந்து சரிவராது.

கூடுதல் வரி, திட்ட அனுமதி போன்ற பெரிய ஆயுதங்கள் கவுன்சில் கைக்கு வந்ததும் தாமதமாகத்தான். 150 சதவிகித வரி வந்தபோது அபர்சோக் பள்ளி மூடி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. விடுமுறை வீட்டுக்கு அனுமதி கேட்கும் ஆணை வந்தபோது மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருந்தது.

பள்ளியை மூடியதற்காக ப்ளைட் கம்ரியைத் திட்டுபவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் பிள்ளைகள் இல்லாத பள்ளியைத் திறந்துவைப்பதைவிட, பிள்ளைகள் வளரும் வீடுகளைத் திறந்துவைப்பதுதான் முதல் வேலை என்ற பாடத்தை அந்தக் கட்சி கற்றுக்கொண்டிருக்கிறது. சட்டம் மொழிக்குப் பலகை வைக்கும், டி.வி சேனல் கொடுக்கும். அம்மா பிள்ளையை வெல்ஷில் சாப்பிடக் கூப்பிட, அங்கே ஒரு வீடு இருக்க வேண்டும்.

அந்தக் கவுன்சில்கள் ஜெயித்தனவா என்று பார்க்கக் கோடையில் போகக் கூடாது. அப்போது எல்லா வீட்டு வாசலிலும் கார் நிற்கும். மழையும் குளிருமான ஒரு ஜனவரி மாலையில் அபர்சோக் தெருவில் நடந்துபார்க்க வேண்டும். எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ண வேண்டும்.