விலை இறங்கும், செலவு இறங்குமா?

புதிய சிறு கார் ஒன்றின் விலைக்கே பழைய சொகுசுக் கார் கிடைக்கிறது. அன்றாட உபயோகத்திற்கு அதனை வாங்கலாமா என்று அன்பர் ஒருவர் நம்மிடம் வினவினார். காரின் விலை ஆண்டுதோறும் இறங்கும்; அதன் உதிரிப் பாகங்களின் விலையோ அவ்வாறு இறங்குவதில்லை என்றோம்.

1998-ஆம் ஆண்டில் அறிமுகமான மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்-கிளாஸ் காரையே எடுத்துக்கொள்வோம். இரும்புச் சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர்ப் பைகள் அதனைத் தாங்குகின்றன. மேடு பள்ளம் தெரியாமல் அது மிதந்து செல்வது இதனாலன்றோ! ஆயின், ரப்பர் முதுமையுற்று வெடித்தால் காற்றுக் கசியும். இரவில் நிறுத்திய கார் விடியலில் தாழ்ந்து கிடக்கும். கசிவை ஈடுசெய்ய ஓயாது உழைக்கும் கம்ப்ரஸரும் பின்னர் பழுதாகும்.

அப்படியாயின் வாங்கவே கூடாதா? வாங்கலாம். பராமரிப்புப் பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். ஓரிரவு நிறுத்திவைத்து, தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு சோதியுங்கள். கையிருப்பு முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், பழுதுபார்க்கவென ஒரு பங்கை ஒதுக்கிவையுங்கள். ஒதுக்க இயலாதெனில் சிறிய காரே நலம். வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நம்மைக் கொண்டு சேர்ப்பதே அன்றாடக் காரின் கடமை. பிள்ளைகளின் படிப்புக்கென வைத்த பணத்தை விழுங்குவதன்று.